பதினான்கு துண்டுகளும் ஒரு சாட்சியும்

1

நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, ஒரு கட்டுரை. ஜெர்மன்காரர்களும் ஸ்வீடன்காரர்களும் ஆங்கில வார்த்தைகளை எடுத்துக்கொண்டுபோய் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி. இங்கே ஜெர்மனியில் கைபேசிக்குப் பெயர் ஹேண்டி. எந்த ஆங்கிலேயரும் அதை அப்படிச் சொல்வதில்லை. சுவரில் படம் காட்டும் கருவி பீமர். கல்யாணத்துக்கும் பெரிய விருந்துக்கும் போடுகிற கறுப்புக் கோட்டு ஸ்மோக்கிங். ஓல்டுடைமர் என்றால் கிழவர் இல்லை, பழைய கார். கடலைத் தாண்டி ஸ்வீடன் போனால் பேபிசிட்டர் ஓர் ஆளே இல்லை. குழந்தையைச் சாய்த்துப் போடுகிற சின்ன நாற்காலி.

(சிரிக்க வேண்டாம். டிபன் என்ற வார்த்தையை நாம் என்ன செய்தோம் என்று எந்த ஆங்கிலேயரும் வந்து கேட்கவில்லை.)

இருபது வருடத்துக்கு முன்னால் கீல் பல்கலைக்கழகத்தில் இதுதான் என் ஆய்வாக இருந்திருக்க வேண்டும். ஏழு பருவம் படித்தேன், விட்டுவிட்டேன். காரணம் சுவாரசியமானதில்லை. இப்போது லூபெக்குக்கு வெளியே, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் இரவு ஷிப்ட். வார்த்தைப் பட்டியல் மட்டும் சட்டைப் பையில் என்னோடு வந்தது. அதில் ஜெர்மன் பக்கம் நிறைந்திருந்தது, ஸ்வீடிஷ் பக்கம் காலி. அதை நிரப்பியவர் குன்னெல் ஓகெஸொன். ஐம்பத்தெட்டு வயது, ஸ்வீடனில் ஈஸ்டாட் ஊர்க்காரர், என் ஷிப்ட்.

கன்வேயரில் போர்வைகள் வந்துகொண்டிருக்கும்போது அவர் வாரத்துக்கு ஒரு வார்த்தை தருவார். பாக்கெட் என்றால் அட்டை கனமில்லாத மலிவுப் புத்தகம். ஃப்ரீஸ்டைல் என்றால் இடுப்பில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிற கேசட் பெட்டி. நான் உடனே எழுதிக்கொள்வேன். கடைசியாக அவர் தந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதவில்லை.

கட்டுரை அந்த இடத்தில் நின்றுபோனது. மீதி கதை.

2

முதல் தொடக்கம்:

"குன்னெல் கப்பலில் இருந்து இறங்கியபோது அவர் கையில் இரண்டு பெட்டிகளும், கண்ணில் ஒரு"

இல்லை. பெட்டியோடு இறங்குகிற பெண் ஏற்கெனவே ஏகப்பட்ட கதைகளில் இறங்கிவிட்டாள். குன்னெல் ஒரு மெத்தை வியாபாரிக்காக இங்கே வந்தார். அவன் போய்விட்டான். இவர் வேலையோடு தங்கிவிட்டார். அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்:

மார்ச் பதினொன்று, விடிகாலை ஐந்து நாற்பது. ஷிப்ட் முடிய இருபது நிமிடம். குன்னெலுக்குப் பிறந்தநாள். பிறந்தநாள்காரர்தான் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும், அது எழுதாத சட்டம். குன்னெல் கொண்டுவந்தது அவர் ஊர் கேக். பார்த்தால் கிரீம் கேக் மாதிரி இருக்கும். உள்ளே ரொட்டி, முட்டை, மயோனெய்ஸ். மேலே இறால், வெள்ளரி, எலுமிச்சை வட்டங்கள். ஓய்வறை மேசையில் வைத்து, கத்தியை நனைத்து நனைத்து, பதினான்காக வெட்டினார். ஷிப்டில் அவரைத் தவிர பதினான்கு பேர். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தேன். ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். இறால் சில்லென்று இருந்தது. குன்னெல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தட்டில் பதின்மூன்று துண்டுகள் மீந்தன.

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்வோம்.

3

ஏன் யாரும் எழுந்திருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆலைக்கு நடுவில் ஒரு சுவர். சலவை இயந்திரங்கள் அந்தச் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கும். அழுக்குப் பக்கத்தில் துணியைப் போட்டால் சுத்தப் பக்கத்தில் எடுக்கலாம். துணி அப்படிப் போகும், ஆள் அப்படிப் போக முடியாது. அழுக்குப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர் உடையைக் கழற்றி, குளித்து, வேறு உடை போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். ஆனால் புகை பிடிக்கிற முற்றம் சுத்தப் பக்கத்தில் இருக்கிறது. ஓய்வு நேரமோ பதினைந்து நிமிடம். எனவே அந்தச் சுவரிலிருந்த தீத்தடுப்புக் கதவை, துவாலை ஒன்றை மடித்துச் செருகித் திறந்து வைத்திருந்தோம். வருடக்கணக்காக. அழுக்குப் பக்கத்து உடையிலேயே, வெளுத்து மடித்த துணிகளுக்கு நடுவில் நடந்து போய்ப் புகைத்துவிட்டு வருவோம். நானும்தான்.

அந்தத் துணிகளில் பாதி பிரசவ வார்டுக்குப் போகிறவை. குன்னெல் இதை முதலில் ஷிப்ட் தலைவன் டெட்லெஃபிடம் இரண்டு முறை சொன்னார். பிறகு சுகாதாரப் பொறுப்பாளருக்கு எழுதினார். ஒரே வாரத்தில் கதவில் அலாரம் மாட்டினார்கள். அழுக்குப் பக்கத்தில் வேலை என்றால் அன்றைக்குச் சிகரெட் இல்லை. பதினான்கு பேரில் ஒன்பது பேர் புகைப்பவர்கள். டிசம்பர் மாதம் அது.

யாரும் அவரைத் திட்டவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். டெட்லெஃப் சத்தம் போடுகிறவன் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த என் அம்மாவைப் பார்த்துவர எனக்காக இரண்டு ஷிப்ட் செய்தவன். (அவனை வில்லனாக எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை.) நடந்தது இவ்வளவுதான். வேலைக்கு வந்ததும் எல்லோரும் எல்லோருக்கும் "மொய்ன்" சொல்வோம். காலை, மாலை, நள்ளிரவு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வணக்கம்தான். குன்னெல் சொன்னால் மட்டும் பதில் வராது. அவர் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். அவருடைய கையுறையை மட்டும் தினமும் யாரோ நனைத்து வைத்திருப்பார்கள். ஒரு வாரம் அழுக்குப் பக்கம், ஒரு வாரம் சுத்தப் பக்கம் என்று எல்லோருக்கும் மாறி மாறி வரும் அட்டவணை, அவருக்கு மட்டும் பதினொரு வாரமாக அழுக்குப் பக்கத்திலிருந்து மாறவில்லை.

நான் என்ன செய்தேன்? வார்த்தை கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஒருநாள் உடை மாற்றும் அறை வாசலில் அவரே வந்து ஒரு வார்த்தை சொன்னார். "இதையும் உன் லிஸ்ட்ல போட்டுக்க. எங்க ஊர்ல செஞ்சது." நான் தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். டெட்லெஃப் பார்த்துக்கொண்டிருந்தான்.

4

அந்த வார்த்தையைப் பற்றி இப்போது எழுதலாம், இங்கே யாரும் பார்க்கவில்லை.

ஆங்கிலத்தில் மாப் என்றால் கூட்டம். கல் எடுத்த கூட்டம். பறவை பார்க்கிறவர்கள் அதை வேறு விதமாகவும் சொல்வார்கள். பகலில் ஓர் ஆந்தை உட்கார்ந்திருந்தால் சின்னப் பறவைகள் எல்லாம் சேர்ந்து அதைச் சுற்றிக் கத்தி விரட்டுமே, அது. ஸ்வீடனில் ஒரு மருத்துவர், அறுபதுகளின் கடைசியில் என்று படித்த ஞாபகம், பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு குழந்தையை மற்ற குழந்தைகள் சூழ்ந்துகொள்வதைப் பார்த்து இந்த வார்த்தையை எடுத்தார். ஸ்வீடன்காரர்கள் அதன் வாலை மாற்றி மொப்னிங் என்றார்கள். பிறகு அது பெரியவர்களின் வேலையிடத்துக்கு வந்தது. தொண்ணூறுகளில் ஜெர்மன்காரர்கள் அங்கிருந்து வாங்கி மோபிங் ஆக்கினார்கள். ஏறத்தாழ குன்னெல் வந்த அதே கப்பல் வழியில்தான் அதுவும் வந்திருக்கிறது. ஆங்கிலேயர்களுக்கு இதற்கு வேறு சொல் இருக்கிறது, இது தங்கள் வீட்டுப் பிள்ளை என்றே அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆய்வேட்டில் இதை எழுதியிருந்தால் பேராசிரியர் ஓரத்தில் சரி என்று குறித்திருப்பார். எனக்கு இப்போது உறுத்துவது வேறு. ஆங்கிலச் சொல்லில் ஆட்கள் இருந்தார்கள். கூட்டம் என்றால் அங்கே நின்ற எல்லோரும்தான். எறிந்தவன், எறியாதவன், கையைக் கட்டிக்கொண்டு நின்றவன். கடல் தாண்டியதும் அது ஒரு செயலாகிவிட்டது. செயல் என்றால் செய்தவர் யார் என்று கேட்கலாம், பார்த்தவர் யார் என்று தனியாகக் கேட்கலாம். ஜெர்மனியில் அதற்கு ஒரு அச்சடித்த தாளே இருக்கிறது.

5

மோபிங் நாட்குறிப்பு என்று பெயர். தொழிற்சங்கம் கொடுக்கிற தாள். உங்களை யாராவது இப்படி நடத்தினால் முதல் நாளிலிருந்து எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் எதுவும் நிற்காது என்பார்கள். ஐந்து கட்டங்கள். தேதி. நேரம். நடந்தது. செய்தவர். சாட்சி.

குன்னெல் இருபத்து மூன்று வரிகள் எழுதியிருந்தார். அதைத் தொழிலாளர் குழுவில் கொடுத்தார். குழுவின் வீப்கே லோரென்ட்சன் என்னைக் கூப்பிட்டார். காலை ஏழு மணி, ஷிப்ட் முடிந்து. ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, தாளை என் பக்கம் திருப்பினார்.

"இருபத்து மூணு வரி. இருபத்து மூணுலயும் சாட்சி நீங்கதான். வேலையே பாக்காம அவங்களையே பாத்துட்டு நின்னீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. நிர்வாகம் என்ன சொல்கிறது என்று விளக்கினார். ஒரு பெண், எதிரே பதினான்கு பேர். யாரும் உறுதிப்படுத்தாவிட்டால் வேலையிட அமைதியைக் கெடுத்தார் என்று குன்னெல் கோப்பில் எழுதுவார்கள். ஜூன் மாதம் அவர் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு ஆலை எடுத்துக்கொள்ளாது. ஒருவர் உறுதிப்படுத்தினால் அட்டவணை டெட்லெஃப் கையிலிருந்து போகும், குன்னெல் மறுபடி முறைப்படி சுத்தப் பக்கம் வருவார்.

பிறகு பேனா முனையை மார்ச் பதினொன்று வரியில் வைத்தார்.

"ஷிப்டுல அவங்களைத் தவிர பதினாலு பேர். வெட்டினது பதினாலு துண்டு. மிச்சம் பதினாலு. சாட்சி நீங்க." நிமிர்ந்தார். "செஞ்சவங்கள்ல நீங்க இல்லைன்னா, நீங்க சாப்பிட்ட துண்டு எங்க?"

எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்றேன்.

"வெள்ளிக்கிழமையானா கேன்டீன்ல இறால் ரொட்டிக்கு முதல் ஆளா நிக்கிறது யாரு?"

நான் காபியைக் குடித்தேன்.

6

ஆகவே இரண்டாம் பகுதிக்குத் திரும்ப வேண்டும்.

நான் எழுந்திருக்கவில்லை. இறால் சில்லென்று இருந்ததா என்று எனக்குத் தெரியாது. குன்னெல் என்னைப் பார்த்துத் தலையசைக்கவில்லை. நீங்கள் நம்பியிருந்தால் அது உங்கள் தவறில்லை, நானே இரண்டு நாள் நம்பினேன். உடை மாற்றும் அறையில் டெட்லெஃப், "இன்னிக்கு யாருக்கும் பசிக்காது, சரியா," என்று சொன்னபோது தலையாட்டிய பதினான்கு தலைகளில் (அவனுடையதையும் சேர்த்து) என்னுடையது ஒன்று. ஓய்வறையில் அவன் பக்கத்தில்தான் நின்றேன். குன்னெல் கத்தியைத் துடைத்துப் பையில் வைத்தார். "எடுத்துக்கங்க," என்றார் ஒரே ஒரு முறை. ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. பதினான்கு துண்டுகளையும் அவர் டப்பாவில் திருப்பி அடுக்கினார். எலுமிச்சை வட்டம் ஒன்று தரையில் விழுந்தது. அதையும் எடுத்து வைத்தார்.

இரண்டாம் பகுதியை அழித்திருக்கலாம். அழிக்காமல் விட்டதற்குக் காரணம், வீப்கேயிடம் நான் சொல்ல நினைத்தது அதுதான்.

வீப்கே எனக்கு மூன்று வழிகளையும் போட்டுக் காட்டினார். "சாப்பிட்டேன்னு சொன்னா இந்தப் பதினாலு பதிமூணு ஆகணும். அத அவங்கதான் மாத்தணும். சாப்பிடலைன்னா உங்க பேரு பக்கத்துக் கட்டத்துக்குப் போகுது. செஞ்சவங்கள்ல ஒருத்தரே சொல்றாருன்னா அது இன்னும் கெட்டியா நிக்கும், எனக்கு அதுதான் வேணும். ஆனா டெட்லெஃபுக்கு வர்ற எச்சரிக்கைக் கடிதம் உங்களுக்கும் வரும். உங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

இருக்கிறது. இரண்டு முறை தூங்கிப்போய்த் தாமதமாக வந்ததற்கு. இன்னொன்று வந்தால் வெளியே.

"மூணாவது வழி?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லாம இருக்கறது. அதுக்குக் கையெழுத்துகூட வேண்டாம்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி வரை நேரம் கொடுத்தார்.

(அன்று இரவு ஷிப்டுக்கு முன்னால் டெட்லெஃப் லாக்கர் பக்கம் வந்தான். "என்ன ப்ரொஃபஸர், சாட்சியாமே? தாராளமா சொல்லு. உன் தட்டு என் தட்டைவிட அழுக்காவா இருந்துச்சு?" என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். மிரட்டல் இல்லை, அவன் சொன்னது உண்மை.)

7

புதன்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் குன்னெல் மட்டும் நின்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக நான் பக்கத்தில் போய் நின்றேன். நல்ல ஈரக்காற்று. என்ன பேசுவது என்று தெரியாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

"அந்தப் பதினால பதிமூணுன்னு மாத்திடுங்களேன். ஒரு எண்ணுதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பஸ் வருகிற திசையையே பார்த்தார். "வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனது நானு. இதே பஸ்ல, மடியில வச்சுட்டு. நாலு நாள் அதைத்தான் சாப்பிட்டேன். எனக்குத் தெரியாதா எத்தனைன்னு?"

"மாத்தினா நான் கையெழுத்துப் போடறேன். உங்களுக்கு வேலை நிக்கும்."

"பொய்ய எழுதிட்டா மத்த இருபத்து ரெண்டையும் எவன் நம்புவான்?"

நியாயம்தான். மூன்று நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "நானும்தான் சாப்பிடல. மொய்ன்கூடச் சொல்லல. என் பேர எதுக்குச் சாட்சின்னு எழுதினீங்க?"

"மத்தவங்கல்லாம் சுவத்தைப் பாத்தாங்க. ஹேண்டியப் பாத்தாங்க. நீ தட்டைப் பாத்தே. உதடு அசைஞ்சுது. எண்ணிட்டிருந்தே."

"எண்ணினா சாட்சி ஆயிடுமா?"

"எனக்கு வேற யாரு இருந்தாங்க, சொல்லு?"

பஸ் வந்தது. ஏறும்போது, பட்டியலில் ஸ்வீடிஷ் பக்கம் நிறைந்ததா என்று கேட்டார். ஒன்று பாக்கி என்றேன். "எழுதிடு. ஜெர்மன்காரங்க கண்டுபிடிச்சதுன்னு எவனாவது சொல்லிடப் போறான்," என்றார். பின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் முன்னால் நின்றேன். பக்கத்தில் போய் உட்காரவில்லை. ஷிப்டுக்காரன் ஒருவன் கடைசி நொடியில் ஓடி வந்து அதே பஸ்ஸில் ஏறியிருந்தான்.

8

முடிவுகள்.

(அ) வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு நான் குழு அறைக்குப் போகிறேன். செய்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதுகிறேன். குன்னெல் சுத்தப் பக்கம் வருகிறார். எனக்குக் கடிதம் வருகிறது. வேலை போகிறது. கதவு மூடும்போது குன்னெல் எனக்கு ஒரு

இல்லை. அவர் எனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. தருவதாக எழுதினால் எனக்குச் சுகமாக இருக்கிறது, அதனாலேயே அது தப்பு.

(ஆ) நான் போகவில்லை. ஜூன் வருகிறது. குன்னெல் லாக்கரைக் காலி செய்கிறார். கடைசி நாளும் கேக் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். கொண்டுவருகிறார். பதினான்காக வெட்டுகிறார். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

(இ) வீப்கே என்னை எதிர்பார்க்காமலே தானாக எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறார். இது சினிமா.

(ஈ) கதையின் பாத்திரமான நான் ஒரு முடிவெடுக்கிறான், எழுதுகிற நான் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. இந்தப் பாத்திரத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஏழு பருவம் வரை வந்துவிட்டு, கடைசித் தேர்வு நாளில் படுக்கையிலிருந்து எழுந்திருக்காதவன். காரணம் சுவாரசியமானதில்லை என்று முதலில் சொன்னேனே, இதுதான் அது. எழுந்திருக்கவில்லை.

9

இன்று வியாழன், மாலை. மேசையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று வீப்கே கொடுத்தது, ஜெர்மன் படிவம், தேதி மட்டும் போட்டிருக்கிறேன். இன்னொன்று நீங்கள் படித்துக்கொண்டிருப்பது. இதில் எல்லாம் இருக்கிறது. கதவு, தலையாட்டல், டெட்லெஃப் சொன்ன வாக்கியம், விழுந்த எலுமிச்சை. ஏன் இதை இவ்வளவு சுலபமாக எழுத முடிந்தது என்று யோசித்தேன். தமிழில் எழுதினேன். அந்த ஆலையில் யாருக்கும் தமிழ் தெரியாது. வீப்கேவுக்குத் தெரியாது, டெட்லெஃபுக்குத் தெரியாது, குன்னெலுக்கும் தெரியாது. யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் ஒப்புக்கொள்வது ஓய்வறையில் தட்டைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்ததைவிட அதிகமில்லை.

பட்டியலில் விட்டுப்போன வார்த்தையை எழுதிவிட்டேன். ஸ்வீடிஷ் பக்கத்தில், கடைசி வரி. அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

பத்து மணிக்கு ஷிப்ட். குன்னெல் வாசலில் "மொய்ன்" என்பார். தினமும் சொல்கிறார், ஒருநாளும் விடவில்லை. காலை எட்டு மணிக்குப் படிவம். நடுவில் நான் என்ன செய்வேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் செய்துவிட்ட மாதிரி ஆகிவிடும், இரண்டாம் பகுதியில் ஆனது போல.

அதற்குப் பதிலாக இந்தத் தாளிலேயே ஐந்து கட்டங்கள் போடுகிறேன்.

தேதி: மார்ச் பதினொன்று.
நேரம்: விடிகாலை ஐந்து நாற்பது.
நடந்தது: வெட்டியது பதினான்கு. மிச்சம் பதினான்கு.
செய்தவர்: பதினான்கு பேர், என்னையும் சேர்த்து.
சாட்சி:

கடைசிக் கட்டம் உங்களுக்கு. நீங்கள் அங்கே இல்லை, கேக்கைப் பார்க்கவில்லை, உங்களுக்கு யாரும் கடிதம் அனுப்பப்போவதில்லை. ஆனால் பதின்மூன்று என்று ஒருமுறை சொன்னேன், பிறகு பதினான்கு என்றேன். எந்த எண் சரி என்று உங்களுக்குத் தெரியும். படிக்கும்போது உதடு அசைந்ததா என்று எனக்குத் தெரியாது.